மூட்டு மாற்று அறுவைக்கு முதல் நாள் கால்விரல் இடுக்கில் புண் கண்டு திருப்பி அனுப்பினார்கள்: இது தேவைதானா?

பதிவு 1 | குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 67. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, ஓராண்டாகக் கழிப்பறைக்குச் செல்வதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய நிலையில், வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை செய்வதென்று முடிவாயிற்று. இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒப்புதல் தந்துவிட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.4 என்று வந்ததால் அதிலும் தடையில்லை என்றார்கள்.

அறுவைக்கு முதல் நாள் மாலையில் சேர்க்கைக்குச் சென்றபோது, செவிலியர் ஒருவர் அம்மாவின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வலது காலின் சுண்டுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெளுத்து ஊறிப் போய், நடுவில் ஒரு வெடிப்பு இருந்தது. இடது கால் பெருவிரல் நகம் தடித்து மஞ்சளாகி, அதன் ஒரு மூலை சதைக்குள் இறங்கி, ஓரம் சிவந்திருந்தது. அரை மணி நேரத்தில் அறுவை மருத்துவரே வந்து பார்த்துவிட்டு, இவை ஆறிய பிறகு வாருங்கள், குறைந்தது மூன்று நான்கு வாரம் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இதற்காகவே சிங்கப்பூரிலிருந்து விடுப்பெடுத்து வந்த என் தம்பி திரும்பிச் செல்ல வேண்டியதாயிற்று.

என் ஐயம் இதுதான். அறுவை நடக்கப்போவது முழங்காலில். புண் இருப்பது விரல் இடுக்கில். அதுவும் ஒரு புண் வலது காலில், மற்றொன்று அறுவையே செய்யப்படாத இடது காலில். ஆண்டிபயாட்டிக் ஊசி எப்படியும் போடத்தான் போகிறார்கள் என்னும்போது, அதோடு சேர்த்து இதையும் சரிசெய்துவிட முடியாதா? இது பொதுவாகப் பின்பற்றப்படும் முறையா, மிகை எச்சரிக்கையா என்று அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | நேர்கோடு

என் மாமனாருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே அறுவை நடந்தது. அவருடைய இரண்டு பெருவிரல் நகங்களும் பல காலமாகக் கருத்துத் தடித்தே இருந்தன. ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இன்று வரை நன்றாகத்தான் நடக்கிறார். தள்ளிவைத்த காரணத்தால் இரத்தப் பரிசோதனைகள் அனைத்தையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள் என்பதை மட்டும் இப்போதே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு 3 | முடநீக்கியலார்

நான் மூட்டு அறுவை செய்யும் மருத்துவன். உங்கள் தாயாரை நேரில் பார்க்காமல் அவருக்கென்று தனியாக எதையும் சொல்ல இயலாது. ஆனால் அந்த மருத்துவர் செய்ததை நானும் செய்திருப்பேன், அவருக்குத் திட்டு விழுந்திருக்கும் என்பது தெரிந்தும்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பதை நம் ஊரில் படிக்காதவர்களும் அறிவார்கள். அந்த நெறி என்பது நிணநீர்க் கணு. புண்ணிலிருந்து கிளம்பும் கிருமிகள் நிணநீர் வழியே மேலேறி, அங்கே தடுக்கப்படுகின்றன என்பதற்கு அது அடையாளம். பாதத்திலிருந்து தொடையிடுக்குக்குச் செல்லும் வழி முழங்காலைத் தாண்டித்தான் செல்கிறது. பாதத்தின் வெளிப்புறத்திலிருந்தும் குதிகாலிலிருந்தும் வரும் நிணநீரில் ஒரு பகுதி முழங்காலின் பின்குழியில் உள்ள கணுக்களுக்கே முதலில் போய்ச் சேரும். ஆகவே சுண்டுவிரல் இடுக்கும் முழங்காலும் வெவ்வேறு இடங்கள் என்று நாம் நினைக்கும் அளவுக்கு உடல் நினைப்பதில்லை.

மற்றக் காலில் உள்ள புண் ஏன் கணக்கில் வருகிறது என்பதற்கு விடை இரத்தம். நகத்தின் ஓரத்தில் சீழ் பிடித்திருக்கும்போது சிறிதளவு கிருமிகள் இரத்தத்தில் கலப்பது உண்டு. நலமாக உள்ள ஒருவரின் உடல் அவற்றை அழித்துவிடும். உலோகமும் நெகிழியும் கொண்ட செயற்கை மூட்டு உள்ளே வைக்கப்பட்டிருந்தால் நிலைமை மாறுகிறது. செயற்கை மூட்டின் பரப்பில் இரத்த ஓட்டம் கிடையாது; வெள்ளணுக்கள் அங்கே திறம்படச் செயல்பட முடியாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிருமி அங்கே ஒட்டிக்கொண்டால், தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான ஒரு படலத்தை உருவாக்கிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை, சாதாரண நிலையில் அதைக் கொல்லும் மருந்தின் அளவு எட்டுவதே இல்லை. இந்த ஒன்றினால்தான் செயற்கை மூட்டில் வரும் தொற்று, வேறெந்தத் தொற்றையும் போல மாத்திரையால் தீர்வதில்லை.

முதல் முறை செய்யப்படும் முழங்கால் மாற்று அறுவைகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இத்தகைய தொற்று ஏற்படுகிறது. எண் சிறியதாகத் தோன்றலாம். அந்த ஒருவருக்கு நேர்வது என்னவென்றால், வைத்த மூட்டை எடுத்துவிட்டு, ஆண்டிபயாட்டிக் கலந்த எலும்புச் சிமெண்டில் ஒரு தற்காலிக மூட்டை வைத்து, ஏறத்தாழ ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து செலுத்தி, கிருமி நீங்கியது உறுதியான பின் மீண்டும் திறந்து புதிய மூட்டு வைக்க வேண்டியிருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களிடம் இந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல்.

ஆண்டிபயாட்டிக் ஊசி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெரும்பாலும் நாங்கள் போடுவது செஃபாசோலின். தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் போடுகிறோம். அறுவை நடக்கும் நேரத்தில் காற்றிலிருந்தோ தோலிலிருந்தோ காயத்தில் விழும் ஒரு சில கிருமிகளைக் கொல்வதற்கான அளவு அது. ஏற்கெனவே பெருகிக் கொண்டிருக்கும் தொற்றைத் தீர்க்கும் சிகிச்சை அதற்குள் அடங்காது. மேலும் ஊறி வெளுத்த விரல் இடுக்கில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியேறியிருப்பது உண்டு; செஃபாசோலினுக்கு அவை அடங்குவதில்லை. கூடுதல் நாள்களுக்கு ஊசியை நீட்டிப்பதும் பயன் தராது. உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதல், அறுவை முடிந்த பின் தடுப்பு ஆண்டிபயாட்டிக்கைத் தொடர வேண்டாம் என்றே கூறுகிறது.

நேர்கோடு ஐயாவின் மாமனார் கதைக்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. பூஞ்சையால் தடித்த, காய்ந்த நகம் மட்டும் இருந்து, சுற்றுச் சதை நலமாக இருந்தால் நானும் அறுவையைத் தள்ளிவைப்பதில்லை. தோல் திறந்திருக்கிறதா, ஈரம் கசிகிறதா, சிவந்து வலிக்கிறதா என்பவைதான் நாங்கள் பார்ப்பவை. குடமுருட்டிக்கரையாரின் தாயாருக்கு வெடிப்பு ஒரு காலிலும் சிவந்த நக ஓரம் மறு காலிலும் இருக்கின்றன.

பதிவு 4 | குடமுருட்டிக்கரை

மிக்க நன்றி, டாக்டர். நெறி கட்டுவதை வைத்து விளக்கியது அம்மாவுக்கே படித்துக் காட்டியவுடன் புரிந்துவிட்டது. இப்போது கைவசம் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. அம்மா வழக்கம்போல வெந்நீரில் டெட்டால் ஊற்றிக் காலை ஊறவைக்கிறேன் என்கிறார். நகத்துக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலைச் சொருகினால் போதும் என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். மெட்டியைக் கழற்றச் சொன்னதில் அம்மாவுக்கு மனவருத்தம் வேறு. அறுவைக்கு முதல் நாள் காலில் முடியை நாங்களே மழித்துக்கொண்டு போகலாமா என்பதையும் யாராவது கூற வேண்டும்.

பதிவு 5 | வெண்தொப்பி

தம்பி, நான் 31 ஆண்டுகள் அறுவைப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் தாயாரின் விரல்களைப் பிரித்துப் பார்த்த அந்தச் செவிலியின் பெயர் தெரிந்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். மாலை நேரச் சேர்க்கை நெரிசலில் அதைச் செய்யப் பொறுமை வேண்டும்.

முதலில் டெட்டாலையும் வெந்நீரையும் நிறுத்துங்கள். 14 ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. கைக்குப் பொறுக்காத சூட்டில் காலை வைத்துக்கொண்டு இதமாக இருக்கிறது என்று சொன்னவர்களின் கொப்புளங்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். இரண்டாவதாக, அவர் காலில் இப்போது இருக்கும் நோயே ஊறல்தான். ஊறிய தோலை மேலும் ஊறவைப்பது எப்படிச் சரியாகும்? வெதுவெதுப்பான நீரும் சாதாரண சோப்பும் போதும். நீரின் சூட்டை நீங்கள் முழங்கையை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கழுவுவதைவிடத் துடைப்பதுதான் முக்கியம். நம் வீட்டுப் பெண்களின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். விடியலில் வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, குளித்து முடிக்கும் வரை கால் ஈரத்திலேயே இருக்கிறது. சேற்றுப்புண் என்று பெயர் வைத்தது நடவு வயலைப் பார்த்துத்தான். ஆனால் வயலில் இறங்காதவர்களுக்கும் அது வருவதற்கு இந்த ஈரமே காரணம். பழைய வேட்டியை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வோர் இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள்; இழுத்துத் தேய்த்தால் வெடிப்பு பெரிதாகும். பவுடரை அள்ளிக் கொட்டினால் அது ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உறுத்தும். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்போ வெள்ளை வாஸலினோ தடவலாம். விரல் இடுக்கில் மட்டும் எந்த எண்ணெய்ப்பசையும் கூடாது. பித்தவெடிப்பைக் கல்லில் தேய்த்து இரத்தம் வரவழைப்பதும், பிளேடால் சீவுவதும், காலாணிக்கு மருந்துக் கடையில் விற்கும் அமிலப் பட்டையை ஒட்டுவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி ஒரு சொல். காலுக்கு மஞ்சள் பூசும் வழக்கம் உள்ளவர் என்றால் இந்த ஒரு மாதம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் படிந்த தோலில் சிவப்பு தெரியாது. எங்கள் கண்ணுக்குத் தப்பிய புண்களில் சில அந்த நிறத்துக்குக் கீழேதான் இருந்தன. நகப்பூச்சையும் மருதாணியையும் தவிர்ப்பதற்கும் இதே காரணம் உண்டு. நகத்தின் அடிச்சதை வெளிர்கிறதா, நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்பதற்கும், விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டுவதற்கும் நகம் வெறுமையாக இருக்க வேண்டும்.

முடியை நீங்கள் மழிக்கக் கூடாது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் முதல் நாள் இரவே பிளேடு வைத்து மழித்து, மஞ்சள் நிற மருந்தைப் பூசி, துணி சுற்றிப் படுக்க வைப்போம். அதைத்தான் தூய்மை என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், இரவு முழுவதும் அந்தக் கீறல்களில் கிருமி பெருகும் என்பது பின்னால் தெளிவானது. இப்போது முடி இடையூறாக இருந்தால் மட்டும், அறுவைக்குச் சற்று முன், மின் கத்தரியால் குட்டையாக வெட்டுகிறார்கள். நகத்தையும் அப்படியே, அறுவைக்கு ஒரு வாரம் முன்னதாக நேராக வெட்டிவிடுங்கள். கடைசி நாளில் வெட்டிச் சதையைக் கிள்ளிவிட்டால் மறுபடி திருப்பி அனுப்புவார்கள்.

மெட்டியைக் கழற்றச் சொல்வதற்குக் காரணங்கள் பல உண்டு. அறுவையில் இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரக் கருவி பயன்படும். உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுடும் வாய்ப்பு உண்டு. அறுவைக்குப் பின் கால் வீங்கினால் மெட்டி விரலை இறுக்கிவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பல ஆண்டுகள் கழற்றாத மெட்டியின் கீழே தோல் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சோப்பு நுரையும் நூலும் கொண்டு கழற்றலாம். வராவிட்டால் நகைக்கடையில் வெட்டித் தருவார்கள். மருத்துவமனை அவசரத்தில் வெட்டுவதைவிட அது அவருக்கு மனத்துக்கு ஆறுதலாக இருக்கும்.

பதிவு 6 | தோல்நோக்கர்

வெண்தொப்பி அம்மா கூறியவற்றோடு தோல் மருத்துவர் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

விரல் இடுக்கில் வெளுத்து ஊறியதெல்லாம் பூஞ்சை என்று கருதிவிடக் கூடாது. தோல் துகளைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சில நிமிடங்களில் பூஞ்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகளிடம் எரித்ராஸ்மா என்னும் பாக்டீரியத் தொற்றும் இதே தோற்றத்தில் வருவதுண்டு. உட்ஸ் விளக்கு என்னும் புற ஊதா விளக்கின் ஒளியில் பவளச் சிவப்பாக ஒளிரும் அந்தத் தொற்றுக்குப் பூஞ்சைக் களிம்பு சரியான மருந்தாகாது. பச்சை நிறமும் நாற்றமும் இருந்தால் அது முடநீக்கியலார் குறிப்பிட்ட சூடோமோனாஸாக இருக்கலாம். பூஞ்சைதான் என்றால் க்ளோட்ரிமசோல் களிம்பை இரண்டு முதல் நான்கு வாரம் வரை தடவ வேண்டியிருக்கும். அரிப்பு நின்ற மூன்றாம் நாளே களிம்பை நிறுத்துவதுதான் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம்.

மருந்துக் கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஓரிரு நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடுவதால் மக்கள் அதை நல்ல மருந்து என்று நம்புகிறார்கள். அடங்குவது உடலின் எதிர்ப்பு. பூஞ்சை தன் போக்கில் பரவிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன் இதைத் தடவிக்கொண்டு போனால், பார்க்கிறவர்களையும் ஏமாற்றிவிடும்.

எலுமிச்சம்பழம் கை விரல் நகச்சுற்றின் தொடக்க எரிச்சலுக்குக் குளிர்ச்சி தரலாம். நகத்தின் மூலை சதைக்குள் இறங்கியிருக்கும்போது அந்த மூலை நீங்காமல் எதுவும் ஆறாது. எலுமிச்சையின் அமிலம் திறந்த தோலில் எரிச்சலைக் கூட்டும். தொடக்க நிலையில், நக மூலையின் கீழே பஞ்சுத் துணுக்கைச் செருகி நகத்தைச் சதையிலிருந்து தூக்கிவிடலாம். இதை மருத்துவர் ஒரு முறை செய்து காட்டிய பிறகே வீட்டில் செய்ய வேண்டும். அது போதாவிட்டால், விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரப் பட்டையை மட்டும் எடுத்து, அது மீண்டும் முளைக்காதபடி வேர்ப்பகுதியில் ஃபீனால் இடுவோம். அந்தக் காயம் சில வாரங்கள் நீர் கசிந்துகொண்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். அது முழுவதும் காய்ந்த பிறகே மூட்டு அறுவைக்குத் தேதி கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இதைச் செய்வதற்கு முன் விரலுக்கு இரத்த ஓட்டம் போதுமானதா என்று பார்ப்பது கட்டாயம்.

தடித்த நகத்தை முற்றிலும் குணமாக்கிவிட்டு அறுவைக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். டெர்பினாஃபின் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரையை 12 வாரம் உட்கொண்டாலும் புதிய நகம் முழுவதும் வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆகும். இப்போதைக்கு நகத்தை அராவி மெலிதாக்கினால் போதும்.

பதிவு 7 | இரண்டாம்மூட்டு

இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. எனக்கு இடது முழங்கால் மாற்று அறுவை நடந்து, மூன்று ஆண்டுகள் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தேன். நான்காம் ஆண்டு மார்கழியில் குதிகால் வெடிப்பு ஆழமாகி வலித்தது. மெழுகும் விளக்கெண்ணெயும் காய்ச்சித் தடவினேன். ஐந்தாறு நாளில் கணுக்கால் வரை சிவந்து வீங்கிக் குளிர் காய்ச்சல் வந்தது. நான் முதலில் காட்டிய இடத்தில், மூட்டு மாற்றியிருக்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஐந்து நாள் மாத்திரையில் கால் வடிந்தது. அடுத்த வாரம் முழங்கால் பந்து போல வீங்கியது.

மூட்டில் ஊசி வைத்து நீரெடுத்தபோது அது சீழாக இருந்தது. அறிகுறி தோன்றிய சில நாள்களுக்குள் வந்திருந்தால் மூட்டைக் கழுவி, நடுவில் உள்ள நெகிழித் தகட்டை மட்டும் மாற்றிக் காப்பாற்ற முயன்றிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நான் பயிற்சி போதாமல் வீங்கியிருக்கிறது என்று நினைத்து மூன்று வாரத்துக்கும் மேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை எடுத்தார்கள். தற்காலிக மூட்டோடு கிடந்த மாதங்களில் என் மனைவிதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தாள். இன்று வாக்கரின் உதவியோடு தெருமுனை வரை செல்கிறேன்.

குடமுருட்டிக்கரையாரே, அறுவைக்கு முன் காட்டும் கவனத்தைப் போலவே பின்னாலும் காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காலில் எந்தப் புண்ணுக்காக எந்த மருத்துவரைப் பார்த்தாலும், உள்ளே செயற்கை மூட்டு இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவு 8 | நேர்கோடு

இரண்டாம்மூட்டு ஐயா, படிக்கவே வருத்தமாக இருக்கிறது. ஆயினும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். செருப்பில்லாமல் கோயிலைச் சுற்றுவதும், பழனிக்கு நடப்பதும், மாலை போட்டால் மண்டலம் முழுவதும் வெறுங்காலில் இருப்பதும் நம் வழக்கம். பாதத்தில் வெடிப்பே இல்லாத 60 வயதுக்காரரைக் கிராமத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இந்த அளவுகோலை வைத்தால் யாருக்குத்தான் அறுவை செய்ய முடியும்?

பதிவு 9 | முடநீக்கியலார்

நல்ல கேள்வி. காய்ந்து தடித்த குதிகாலின் மேலோட்டமான வெடிப்பு வேறு, இரத்தம் கசியும் அளவுக்கு ஆழமான வெடிப்பு வேறு. முன்னதற்காக நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. களிம்பு தடவிக்கொண்டு வரச் சொல்வேன். அறுவை மேசையில் பாதத்தை முழுவதும் கிருமி நீக்கிய உறையால் மூடிவிடுகிறோம் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு மருந்து பூசினாலும் நகத்தின் மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உள்ள கிருமிகளை முற்றாக நீக்க முடிவதில்லை என்பதால்தான், பாதத்தில் செய்யும் அறுவைகளில் அந்த இடங்களுக்கென்று தனியாக நேரம் செலவிடுகிறோம்.

விரல் இடுக்குப் பூஞ்சைக்கும் மேலே உள்ள காலுக்கும் உள்ள தொடர்பு மூட்டு அறுவையில் மட்டும் கண்டறியப்பட்டதன்று. இதயத்துக்கு பைபாஸ் செய்வதற்காகக் காலிலிருந்து சிரையை எடுத்த நோயாளிகள் சிலருக்கு, அதே காலில் மீண்டும் மீண்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்ததை 1980களில் மருத்துவர்கள் கவனித்தார்கள். அவர்களில் பலருக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தது. அதைக் குணப்படுத்தியபோது காய்ச்சல் திரும்ப வருவதும் குறைந்தது. கும்பகோணம் பக்கத்தில் யானைக்கால் நோயாளிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அந்த நோயில் அடிக்கடி வரும் காய்ச்சலையும் வீக்கத்தையும் குறைப்பதற்கு இன்றும் முதலில் கற்பிப்பது, தினமும் காலைச் சோப்பிட்டுக் கழுவி விரல் இடுக்கைத் துடைப்பதைத்தான்.

வெறுங்கால் நடையைப் பொறுத்தவரை, சர்க்கரை உள்ளவரின் சிக்கல் வலி தெரியாமைதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களை நோய் அரித்துத் தின்பதில்லை, வலி உணராததால் கவனிக்கப்படாமல் விடப்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று நாம் எழுதித்தரும் எம்.சி.ஆர். (நுண்ணறைகள் கொண்ட மென்மையான ரப்பர்) செருப்பு, தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்தப்பட்டதிலிருந்து வந்ததுதான். சித்திரை வெயிலில் பிரகாரத்துக் கருங்கல்லில் நடந்துவிட்டு, மறுநாள் உள்ளங்கால் தோல் முழுவதும் கொப்புளித்து வருபவர்களை எங்கள் ஊர் மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் பார்க்கலாம். வேண்டுதலை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. விடியற்காலையில் சுற்றி வாருங்கள், வீட்டுக்கு வந்ததும் வேறொருவரைப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

குடமுருட்டிக்கரையார் கவனிக்க வேண்டியது ஒன்று விட்டுப்போயிற்று. தாயாரின் பாதத்தில் நாடித் துடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களா? 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பதும், கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவதும் எளிய சோதனைகள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் இரத்தக் குழாய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீண்ட காலச் சர்க்கரையில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறிக் கடினமாகிவிடுவதால், விகிதம் பொய்யாக உயர்ந்து 1.4ஐத் தாண்டுவதும் உண்டு. அதையும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓட்டம் குறைந்த காலில், இரத்தக் கட்டைத் தடுக்கப் போடும் இறுக்கமான காலுறையே தீங்காகிவிடும்.

பதிவு 10 | குடமுருட்டிக்கரை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இரத்த ஓட்ட விகிதம் 1.02 என்று வந்தது. பாதத்தில் நாடியும் தெளிவாகக் கிடைத்தது. இழைச் சோதனையில் இரண்டு பெருவிரல்களின் அடியிலும் அம்மாவுக்குத் தொடுவது தெரியவே இல்லை. அதைக் கண்டு எங்களைவிட அவரே அதிகம் அதிர்ந்தார். சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை உறுதியாயிற்று. களிம்பை நான்கு வாரம் தடவினோம். நக மூலை பஞ்சு வைத்ததிலேயே எழும்பிவிட்டதால் நகத்தை எடுக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. நேர்கோடு ஐயா முன்கூட்டியே சொன்னபடி இரத்தப் பரிசோதனைகளை மீண்டும் எடுத்தார்கள் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அறுவை சென்ற செவ்வாய்க்கிழமை நடந்தது. முதல் நாள் இரவும் அன்று காலையும் குளிக்கச் சொன்னார்கள். மருந்து கலந்த சோப்பு வேண்டுமா என்று கேட்டதற்குச் சாதாரண சோப்பும் போதும் என்றார்கள். இரண்டாம் நாள் காலை, காலுறையைக் கழற்றிப் பார்த்தபோது இடது குதிகாலில் ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்திருந்தது. முதுகில் போட்ட மயக்க ஊசியால் முதல் நாள் முழுவதும் கால் மரத்துக் கிடந்ததில், குதிகால் மெத்தையில் அழுந்தியிருக்கிறது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினார்கள்; மறுநாள் சிவப்பு மறைந்தது. அறுவை செய்த காலையே அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா இப்போது கேட்பது ஒன்றுதான்: மெட்டியை எப்போது போட்டுக்கொள்ளலாம்?

பதிவு 11 | வெண்தொப்பி

மகிழ்ச்சி, தம்பி. குதிகாலை இன்னும் சில நாள்கள் காலையும் மாலையும் பாருங்கள்; அவரால் குனிந்து பாதத்தை எட்ட முடியாத இந்த வாரங்களில் நகம் வெட்டுவதும் இடுக்குத் துடைப்பதும் உங்கள் வேலை. உங்கள் நகங்களையும் ஒட்ட வெட்டிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுச் செய்யுங்கள்.

மெட்டிக்கு அவசரம் வேண்டாம். வலது காலில் வீக்கம் முழுவதும் வடிந்து, தையல் இட்ட இடம் நன்றாக ஆறிய பிறகு மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடலாம். விரலில் உணர்ச்சி குறைவு என்று தெரிந்துவிட்டதால் பழைய அளவு வேண்டாம். சற்றுத் தளர்வாக, உள்பக்கம் விளிம்பு உறுத்தாமல் செய்யச் சொல்லுங்கள். குளிக்கும்போது கழற்றி, விரலைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அதற்கு அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

பதிவு 12 | குடமுருட்டிக்கரை

கேட்டேன், அம்மா. வெள்ளிக்கிழமை மட்டும் கழற்ற மாட்டாராம்.